பச்சைத் தாள்

மே மாதம் பிறந்ததிலிருந்து நியேவெஸின் அறைக் கதவு சாத்தியே கிடந்தது. ஹேஸலுக்கு அது சரியாகப் படவில்லை.

ஜனவரியில் ஒஹாயோவிலிருந்து ஒரு பருவப் படிப்புக்காக வந்து அவள் இந்த வீட்டில் பெட்டியை இறக்கிய அன்றே நியேவெஸ் வீட்டுச் சட்டத்தைச் சொல்லியிருந்தாள். "இந்த வீட்ல கதவச் சாத்துறது ரெண்டு பேருதான். ஒண்ணு குளிக்கிறவ, இன்னொண்ணு கோவிச்சுக்கிட்டவ." மூன்றாம் மாடியில் இரண்டு பேருக்கான வாடகை வீடு. அன்றிலிருந்து ஒரே மேசையில் சாப்பாடு, ஒரே சோபாவில் படிப்பு, ஒருத்தியின் கம்பளிச் சட்டை மற்றவளின் தோளில். அப்படி இருந்தவள் இப்போது குளிக்கவும் இல்லாமல் கோபமும் இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே எதையோ எழுதித் தள்ளிக்கொண்டிருந்தாள். ஹேஸல் தட்டினால் முதலில் தாள்கள் சரசரக்கும். பிறகு இழுப்பறை மூடும் சத்தம். அதற்குப் பிறகுதான் "வாடி" என்ற குரல்.

கல்லூரியிலும் இதே கதைதான். கேன்டீனில் குஸ்மான் நாலு பேரைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு காதும் காதும் வைத்தாற்போல் ஏதோ பேசிக்கொண்டிருப்பான். வகுப்பிலேயே பெரிய வாயாடி அவன். அவன் குரல் தாழ்ந்தாலே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். ஹேஸல் காபியுடன் பக்கத்தில் போனால் பேச்சு சட்டென்று கால்பந்துக்குத் தாவும். பந்து எந்த நிறம் என்று கேட்டால் விழிக்கக்கூடிய பெண்கள்கூடப் பெரிதாகத் தலையாட்டுவார்கள்.

ஹேஸல் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு பொறி தட்டியது. ஜூன் கடைசியில் அவள் ஊருக்குத் திரும்புகிறாள். இவர்கள் அவளுக்குத் தெரியாமல் வழியனுப்பு விழாவுக்கு ஏற்பாடு செய்கிறார்கள். நியேவெஸ் எழுதுவது அதற்கான ஏதோ ஒன்று. அன்று அம்மாவிடம் போனில், "நான் கண்டுபிடிச்சுட்டேன்னு காட்டிக்கவே மாட்டேன்மா" என்று பூரித்துப்போய்ச் சொன்னாள். மனிதர்களுக்குத் தங்கள்மேல் இருக்கும் ஆசைக்கு அளவே கிடையாது.

நடந்தது வேறு. அந்த வகுப்புக்கு ரோமானியச் சட்டம் எடுத்தவர் தோன் லௌரேயானோ. வருடா வருடம் அதே இருபது தலைப்புகள். தேர்வன்று அதில் மூன்றைச் சொல்வார், மாணவர்கள் எழுத வேண்டும். சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்தாரானால் நேரம் முடியும்வரை தலை தூக்கமாட்டார். தேர்வுக்குக் கல்லூரி கொடுக்கும் தாள் ஒரு தினுசானது: தடிமனாக, இலேசான மஞ்சளில், இடப்பக்கம் சிவப்புக் கோட்டுடன் இருக்கும். அதே தாள் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையிலும் கிடைத்தது. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. இருபது தலைப்புகளையும் வீட்டிலேயே எழுதி, சட்டைக்குள்ளும் கோட்டுக்குள்ளும் செருகிக்கொண்டு போய், கேட்ட மூன்றை உருவி வெற்றுத் தாளுக்குப் பதிலாக வைத்துவிடுவார்கள். 'மாத்து' என்று அதற்குப் பெயர். இந்த நாட்டில் அப்பாக்கள் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லும் வீரக்கதைகளில் பாதி இந்த மாத்துக் கதைகள்தான்.

இது ஹேஸலுக்குத் தெரியக்கூடாது என்பது குஸ்மானின் கட்டளை. "அவங்க ஊர்ல காலேஜ்ல சேரும்போதே சத்தியம் வாங்கிடுவாங்களாம்டா. எவனாவது பக்கத்துத் தாளப் பாத்தாக்கூட எழுந்து வாத்தியார்கிட்ட சொல்லணுமாம். நம்ம அசேல் நல்லவதான். நல்லவங்ககிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும்." இந்த ஊர் நாக்கில் ஹகரம் நிற்காது, ஹேஸல் இங்கே எல்லோருக்கும் அசேல்தான். குஸ்மான் சொன்னதும் பொய்யில்லை. அவள் ஊர்க் கல்லூரியில் அப்படி ஒரு உறுதிமொழி எடுத்திருந்தாள். இங்கேயோ திருடனை மன்னிப்பார்கள். கூட இருந்துகொண்டு மேலிடத்தில் போட்டுக்கொடுப்பவனுக்குப் பச்சைத் தண்ணீர் தரமாட்டார்கள்.

மற்றவர்களுக்கு மாத்து ஒரு சோம்பேறி வித்தை. நியேவெஸுக்கு அப்படியில்லை. அந்தப் பாடம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பாத்திரம் கழுவிக்கொண்டே ரோமானியர்கள் சொத்தை எப்படிப் பங்கு போட்டார்கள் என்று பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்வதுபோலச் சொல்வாள். ஆனால் தேர்வு அறையில் வெற்றுத் தாளைப் பார்த்ததும் கை விறைத்துவிடும். நான்கு முறை எழுதி நான்கு முறையும் தவறியிருந்தாள். ஆறு வாய்ப்புகள்தான் விதி. ஜூனில் ஐந்தாவது, ஜூலையில் ஆறாவது. அதுவும் போனால் சட்டப் படிப்பே போனது. மூன்று வருடத்தைச் சுருட்டிக்கொண்டு தமோரா பக்கத்துக் கிராமத்தில் அப்பாவின் ஆட்டுப் பட்டிக்குத் திரும்ப வேண்டியதுதான். இதை அவள் இரண்டே பேரிடம் சொல்லியிருந்தாள். ஒருத்தி ஹேஸல். இன்னொருவன் எலோய்.

எலோய் வகுப்புப் பிரதிநிதி. மலையோர ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். வகுப்பில் ஒரு வரி விடாமல் குறிப்பெடுத்து, அதை ஜெராக்ஸ் கடையில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி கொடுத்து வைப்பான். பாதிப் பேர் அதை வைத்துத்தான் பிழைப்பை ஓட்டினார்கள். மாத்து வேலையில் அவன் சேரவில்லை. சேர்ந்தவர்களைப் பற்றி வாயும் திறக்கவில்லை. சிரிக்கத் தெரியாதவன் என்று பெயர்.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு ஹேஸல் ஜெராக்ஸ் கடையில் நின்றாள். அவள் ஊரில் தேர்வுக்கான விடைத்தாள் புத்தகத்தை மாணவர்களே கடையில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். இங்கே வகுப்புப் பிள்ளைகள் கட்டுக் கட்டாக ஒரே தாளை வாங்கிப் போவதைப் பார்த்ததும், இங்கேயும் அதே வழக்கம்போல என்று நினைத்துவிட்டாள். கடைக்காரர் கையை விரித்தார். "தீந்துபோச்சும்மா. உங்க வகுப்பே வந்து அள்ளிட்டுப் போயிடுச்சு." ஹேஸல் நேராகப் பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

அங்கிருந்து எலோய் வெளியே வந்துகொண்டிருந்தான். முகம் சிவந்திருந்தது. அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தாழ்வாரத்து நோட்டீஸ் போர்டின் முன்னால் போய் நின்றான். தோன் லௌரேயானோ அறைக் கதவைச் சாத்தும் பழக்கம் இல்லாதவர். அகராதி கொண்டுவரலாமா, நீல மையா கறுப்பு மையா என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஹேஸல் விஷயத்துக்கு வந்தாள்.

"சார், பரீட்சைத் தாள் கடையில தீந்துபோச்சு. எல்லாரும் முன்னாடியே வாங்கிட்டாங்க. எனக்கு மட்டும் கெடைக்கல. வேற தாள்ல எழுதினா ஒத்துக்குவீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் வாங்கிட்டாங்களா?"

"ஆமா சார். அந்தத் தடிமன் தாள், சிவப்புக் கோடு போட்டது."

"நீ கவலப்படாதம்மா. உனக்குத் தாள் கெடைக்கும். எல்லாருக்கும் கெடைக்கும்."

எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு ஹேஸல் திரும்பினாள்.

தேர்வன்று வெயில் கொளுத்தியது. ஆனாலும் அறையில் பாதிப் பேர் கோட்டுப் போட்டிருந்தார்கள். தோன் லௌரேயானோ கையில் செய்தித்தாள் இல்லாமல் வந்தார். அதற்குப் பதிலாக ஒரு கட்டுத் தாள் இருந்தது. இளம் பச்சை நிறம். ஒவ்வொன்றின் மூலையிலும் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். "இந்த வருஷம் கலர் மாத்தியாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, தாமே ஒவ்வொரு மேசையாகப் போய்க் கொடுத்தார்.

குஸ்மான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். ஹேஸல் ஒன்றும் புரியாமல் மளமளவென்று எழுத ஆரம்பித்தாள். நடுவில் ஒருமுறை நிமிர்ந்தபோது நியேவெஸ் பச்சைத் தாளைப் பார்த்தபடி கை கட்டி உட்கார்ந்திருந்தாள். பெயரைத் தவிர ஒன்றும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நியேவெஸ் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே மாத்து, தாள், இருபது தலைப்பு எல்லாம் வெளியே வந்தது. ஹேஸல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வழியனுப்பு விழா ஒன்றும் இல்லை என்பது உறைத்ததைவிட வேறொன்று மனதின் ஓரத்தில் உறுத்தியது. கடை, தாள், கண்ணாடியைக் கழற்றிய முகம். அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

"எத்தன வருஷமா நடக்குது. இந்த வருஷம் மட்டும் அந்தாளுக்கு எப்படி மூக்குல வேத்துச்சு?" என்றாள் நியேவெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எவனோ போட்டுக் கொடுத்திருக்கான்." பிறகு மெதுவாகத் திரும்பினாள். "நீ ஏதாச்சும் சொன்னியா அசேல்?"

"எனக்கே இப்ப நீ சொல்லித்தானே தெரியும்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது.

நியேவெஸ் நம்பினாளா என்பது தெரியவில்லை. மறுநாள் மத்தியானம் ஹேஸல் வீட்டுக்கு வந்தபோது ஒரு தட்டு ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்தது. அடுப்பில் பயறுக் குழம்பு இருந்தது, ஆனால் ஒரு ஆளுக்குத்தான். வகுப்பின் வாட்ஸ்அப் குழு ஊமையாகிவிட்டது. ஊமையாகவில்லை, அவளை விட்டுவிட்டு வேறு குழு தொடங்கியிருந்தார்கள். கேன்டீனில் நாற்காலிமேல் பை இருந்தது. "யாராவது வர்றாங்களா?" என்று கேட்டால் "ஆமா" என்றார்கள். யாரும் வரவில்லை. முகத்துக்கு நேரே ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இவள் எழுந்து போனதும் முதுகுக்குப் பின்னால் பேச்சு தொடங்குவது மட்டும் கேட்டது. அவளும் பதிலுக்கு ஒவ்வொரு முகமாகச் சந்தேகப்பட்டாள்: இவன் என்ன சொல்லியிருப்பான், அவள் ஏன் சிரித்தாள், நியேவெஸ் போனில் பேசும்போது ஏன் பால்கனிக்குப் போகிறாள்.

நாலாம் நாள் குஸ்மான் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான். கூட மூன்று பேர். பின்னால், கொஞ்சம் தள்ளி, நியேவெஸ்.

"அசேல், நேராவே கேக்கறேன். பரீட்சைக்கு முன்னாடி நீ அந்தாளு ரூமுக்குப் போனியாமே?"

"போனேன். அகராதி கொண்டுவரலாமான்னு கேக்கறதுக்கு."

"அகராதி. சரி. வேற எதுவும் கேக்கல?"

"பேனா மையப் பத்திக் கேட்டேன்."

"அடடா. மையப் பத்தி." குஸ்மான் மற்றவர்களைப் பார்த்தான். "நம்மள்ல ஒருத்தன்கூட இதுவரைக்கும் அந்த ரூம் வாசப்படிய மிதிச்சதில்ல. நீ ஒருத்திதான் போயிருக்க. நாங்க என்னன்னு நினைக்கிறது?"

ஹேஸல் நியேவெஸைப் பார்த்தாள். நியேவெஸின் முகத்தில் கோபம் இல்லை. காத்திருந்தாள். இல்லை என்று ஏதாவது ஒரு காரணம் கிடைக்காதா என்று காத்திருந்தாள். அந்த முகத்தை இழக்க ஹேஸலுக்கு மனம் வரவில்லை. ஐந்து மாதத்தில் அவளுக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே முகம் அது.

"நான் மட்டும் இல்ல" என்றாள். "நான் போறப்ப எலோய் உள்ளேருந்து வந்தான். முகமெல்லாம் சிவந்திருந்துச்சு."

இதுவும் உண்மைதான். உண்மையை வைத்து ஒருவன் கழுத்தை எப்படி அறுக்கலாம் என்பதை அவள் அன்று கற்றுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. மாத்தில் சேராதவன், சிரிக்காதவன், பிரதிநிதி என்று வாத்தியார்களோடு பேசுகிறவன். எல்லாம் பொருந்தியது. மறுநாளே எலோயின் பக்கத்து நாற்காலிகளில் பைகள் உட்கார்ந்தன. புதுக் குழுவிலிருந்து அவன் பெயர் நீக்கப்பட்டது. ஹேஸலின் பெயர் சேர்க்கப்பட்டது. அவன் டப்பாவைத் திறந்து ஜன்னலோரம் தனியாகச் சாப்பிட்டான். ஜூலைத் தேர்வுக்காக அவன் கடையில் வைத்த குறிப்புகளை மட்டும் எல்லோரும் வெட்கமில்லாமல் எடுத்துப்போனார்கள்.

வீட்டில் மறுபடியும் இரண்டு தட்டு. நியேவெஸ் ஹேஸலைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். "உன்னப் போய் சந்தேகப்பட்டேனே, நான் ஒரு கழுத." எலோயின் எண்ணைத் தன் போனில் தடுத்து வைத்தாள். "அவன்கிட்ட போய் என் ஆறு வாய்ப்பு விஷயத்தச் சொன்னேன் பாரு. எல்லாம் தெரிஞ்சும் செஞ்சிருக்கான்." ஒரு சாயங்காலம் வாசல் மணி அடித்தது. நியேவெஸ் சுவரிலிருந்த பேசியை எடுத்தாள். கீழே தெருவிலிருந்து எலோயின் குரல் ஹேஸலுக்கும் கேட்டது. "நியேவெஸ், ஒரே ஒரு விஷயம். கேட்டுட்டு வச்சுடு." அவள் கேட்காமலே வைத்துவிட்டாள். மறுபடி அடித்தான். அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஹேஸல் தன் மதிப்பெண்ணைக் கேட்கத் தோன் லௌரேயானோவிடம் போனாள். நல்ல மதிப்பெண். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"உனக்கு நான்தான் நன்றி சொல்லணும்மா. எத்தன வருஷமா அந்தப் பேப்பருக்குப் பின்னால ஒளிஞ்சுட்டு இருந்தேன். பசங்க எப்படி இவ்ளோ அழகா எழுதறாங்கன்னு நானும் கேட்டுக்கல. தாள் கடையில தீந்துபோச்சுன்னு நீ வந்து நின்னப்பதான் கன்னத்துல அறஞ்ச மாதிரி இருந்துச்சு."

ஹேஸல் கையை விடுவித்துக்கொண்டாள். "எலோய்... எலோய் ஒண்ணும் சொல்லலியா சார்?"

"அந்தப் பையனா? அவன் வந்தது வேற ஒருத்திக்காக. அந்தப் பொண்ணுக்குத் தாளப் பாத்தா கை ஓடாதாம், வாயால கேட்டா எல்லாம் சொல்லுவாளாம். ஜூலையில வாய்மொழியா வைங்கன்னு மன்றாடினான். நான் சத்தம் போட்டேன், அப்பவும் போகல. சரி, ஆனா ஜூன் பரீட்சையில தவறினா மட்டும் அவளே வந்து கேக்கணும், இந்த வெள்ளிக்குள்ள வந்தாதான் விதிப்படி முடியும்னேன். சொல்லிடறேன்னு போனான்." அவர் நாட்காட்டியைப் பார்த்தார். "இன்னும் காணோம். நீ அவளோட வீட்லதான இருக்க?"

ஹேஸல் தலையாட்டினாள்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புதன்கிழமை நியேவெஸ் உருளைக்கிழங்கு ஆம்லெட் சுட்டு, பெரிய துண்டை இவள் தட்டில் வைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் இவளுக்காக எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள் என்று அவளே சொன்னாள். விழா கடைசியில் நிஜமாகவே வந்துவிட்டது. ஞாயிறு காலையில் விமானத்துக்குப் பஸ். நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், யாரும் யாரையும் வெறுக்காமல் கம்பி நீட்டிவிடலாம். ஆனால் வெள்ளிக்கிழமை போனால் நியேவெஸின் படிப்பு போய்விடும். இரண்டையும் காப்பாற்ற ஹேஸல் ஒரு வழி கண்டுபிடித்தாள். கோழைகளுக்கு எப்போதும் ஒரு வழி கிடைக்கும்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது, ஏதோ நினைவுக்கு வந்ததுபோல ஆரம்பித்தாள். "நியேவெஸ், சார் உன்ன வரச் சொன்னாரு. ஜூலையில உனக்கு மட்டும் வாய்மொழித் தேர்வு வைக்கறாராம். நீயே போய்க் கேக்கணுமாம். நாளைக்குத்தான் கடைசி நாள்."

நியேவெஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்குத் தாளப் பாத்தா பயம்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"அது... யாராவது சொல்லியிருப்பாங்க."

"யாரு? உனக்கும் அவனுக்கும்தான் தெரியும். நீ சொன்னியா?"

"இல்ல."

"அப்ப அவன்தான். நல்லாப் புரியுது. நான் தாள மறைச்சு எடுத்துட்டுப் போனத ஏற்கெனவே சொல்லிட்டான். இப்ப என்ன ரூமுக்கு வரவெச்சு, என் வாயாலயே ஒத்துக்க வெக்கப் பாக்கறாங்க. போனேன்னா ஜூலை வாய்ப்பும் போயிடும்." அவள் தட்டைத் தள்ளினாள். "நான் போகமாட்டேன்டி. செத்தாலும் போகமாட்டேன்."

"பொறி ஒண்ணும் இல்ல நியேவெஸ். நிஜமாவே உதவி பண்றாரு."

"உனக்கு எப்படித் தெரியும், பொறி இல்லன்னு?"

ஹேஸல் ஜன்னலைப் பார்த்தாள். பாதி உண்மையை வைத்து அவள் ஒருவனை மாட்டிவிட முடிந்தது. அதே பாதி உண்மையை வைத்து ஒருத்தியைக் காப்பாற்ற முடியவில்லை.

"ஏன்னா எலோய் போட்டுக் கொடுக்கல. நான்தான்." தாள் கடையில் தீர்ந்தது, அவள் ஊர் வழக்கம், அறையில் கேட்ட கேள்வி, எலோய் எதற்காகப் போனான், எதற்காகத் திட்டு வாங்கினான், வாசலில் ஏன் மணி அடித்தான், எல்லாவற்றையும் சொன்னாள்.

முடிந்ததும் நியேவெஸின் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட எட்டிப் பார்த்தது. "கடையில தாள் தீந்துபோச்சுன்னு அவர்கிட்டயே போய்ச் சொன்னியா? ஐயோ அசேல். உன்ன என்னதான்டி பண்றது." ஹேஸலும் கண்ணீரோடு சிரிக்கப் பார்த்தாள். அப்போது நியேவெஸ் கேட்டாள்: "இது உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

"செவ்வாக்கிழம சார் சொன்னதும் உறுதியாச்சு."

"உறுதியாச்சுன்னா? அதுக்கு முன்னாடி?"

ஹேஸல் மேசையைப் பார்த்தாள். "பரீட்ச அன்னிக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு."

"அதுக்கப்புறம்தான் கேன்டீன்ல எலோய் பேரச் சொன்ன."

அது கேள்வி இல்லை. நியேவெஸின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. எழுந்து செருப்பை மாட்டினாள். "வா. மூணு மணி பஸ்ஸுக்கு அவன் ஸ்டாப்ல நிப்பான். அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

நிழற்குடையின் கீழ் எலோய் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். இருவரையும் பார்த்ததும் எழுந்தான். ஹேஸல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பாதியில் அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"தெரியும். நான் நோட்டீஸ் போர்டுகிட்டதான நின்னுட்டிருந்தேன். கதவு தொறந்துதான் இருந்துச்சு."

நியேவெஸ் அவனை முறைத்தாள். "தெரிஞ்சும் ஏன்டா வாய மூடிட்டு இருந்த?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? மாட்டிக்கிட்டதும் ஊருக்குப் போற பொண்ணு தலையில கட்டுறான்னுதான் சொல்லியிருப்பீங்க. சார எதுக்குப் பாக்கப் போனேன்னு கேட்டிருப்பாங்க. உன் விஷயம் கேன்டீன் முழுக்கப் பரவியிருக்கும்." பிறகு ஹேஸலிடம் திரும்பினான். முகத்தில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை. "நீ கேட்டது தப்பில்ல. தெரியாமதான் கேட்டன்னு குரல்லயே தெரிஞ்சுது. நீயே வந்து சொல்லுவேன்னு நினைச்சேன். முதல்ல நாளைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு இருந்தேன். அப்புறம், சொல்லாமயே ப்ளேன் ஏறிடுவாளான்னு பாக்கலாம்னு தோணிடுச்சு. அப்படி ஒக்காந்து பாத்துட்டு இருந்தேன் பாரு, அத நெனச்சா எனக்கே என்னப் பிடிக்கல."

பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்தார்.

"பஸ் போகட்டும்டா" என்றாள் நியேவெஸ். "அவர் நாலு மணி வரைக்கும் ரூம்ல இருப்பாரு. எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வா." இருவரும் கல்லூரிப் பக்கம் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் நியேவெஸ் ஏதோ சொல்ல, எலோய் சிரித்தான். அவனுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதை ஹேஸல் அன்றுதான் பார்த்தாள். அவளைக் கூப்பிடவில்லை. அவளும் பின்னால் போகவில்லை.

தோன் லௌரேயானோ வாய்மொழித் தேர்வுக்கு ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் விஷயம் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை விருந்தை யாரும் நிறுத்தவில்லை. அப்படி நிறுத்துகிற ஜனங்கள் இல்லை. சொன்ன நேரத்துக்கு அரை மணி தாமதமாக எல்லோரும் வந்தார்கள். எலோயும் வந்தான், எல்லோருக்கும் நடுவில் உட்கார வைக்கப்பட்டான். குஸ்மான் அவனுக்கு மூன்று தடவை ஒயின் ஊற்றி மன்னிப்புக் கேட்டான். ஹேஸலுக்கு ஒரு தோல் பை பரிசாகக் கொடுத்தார்கள். தட்டு காலியாக விடாமல் இறாலும் குரோக்கெத்தா என்கிற பொரித்த உருண்டைகளும் வந்துகொண்டே இருந்தன. யாரும் ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை.

அடுத்த மேசையில் ஒரு இத்தாலியப் பெண்ணுக்கும் அன்று வழியனுப்பு நடந்தது. அவளைச் சுற்றி ஒரே கூச்சல். முத்தம் கொடுக்கிற ஒவ்வொருவரும் அவள் கன்னத்தைக் கிள்ளி, "எப்ப திரும்பி வர்ற? எப்ப? தேதியச் சொல்லு, இல்லன்னா விடமாட்டோம்" என்று படுத்திக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் புறப்படுகிறவர்களிடம் எல்லோரும் கேட்பது அது. கறிக்கடைக்காரர்கூடக் கேட்பார். பதிலுக்கு யாரும் தேதி சொல்வதில்லை, ஆனால் கேட்காமல் யாரும் விடுவதில்லை.

ஹேஸலின் மேசையிலும் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்கள். பத்திரமாகப் போ என்றார்கள், அம்மாவைக் கேட்டதாகச் சொல் என்றார்கள். கடைசியாக நியேவெஸ் வந்தாள். இறுக்கமாகத்தான் அணைத்தாள். கண்ணும் கலங்கியிருந்தது. ஹேஸல் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அந்த ஒரு கேள்விக்காகக் காத்திருந்தாள். நியேவெஸ் கையை விலக்கிக்கொண்டு, "காலையில பஸ் சீக்கிரம், போய்த் தூங்கு" என்றாள்.